பக்கத்தில் தறி ஓடும்போதும் ஆடாத மேசை: அதிர்வுத் தடுப்பில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு

சூலூரிலிருந்து சோமனூர், பல்லடம் பக்கம் போனால் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு உலகங்களைப் பார்க்கலாம். இந்தப் பக்கம் மைக்ரான் கணக்கில் வேலை பார்க்கும் டூல் ரூம், அந்தப் பக்கம் நாடா ஓடும் தறிக் கொட்டகை. நான் வேலை பார்த்த பட்டறையும் அப்படித்தான். கிரானைட் பிளேட்டின் மேல் ஒரு உயரமான ஸ்டாண்டு, அதில் மேற்பரப்பு சொரசொரப்பை அளக்கும் கருவி. காலையில் ஒரு அளவு காட்டும். தறி ஓட ஆரம்பித்தால் அதே ஜாப்புக்கு, அதாவது அளக்க வைத்திருக்கும் அதே பொருளுக்கு, வேறு அளவு காட்டும். கொட்டகை முதலாளி ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, நாங்க தறி ஓட்டுனா உங்க முள்ளு ஆடுதுங்களா?" என்று கேட்டார். அவர் தறியை நிறுத்தச் சொல்ல முடியாது. நாம்தான் மேசையைத் திருத்த வேண்டும்.

அப்படி ஒரு மேசையை ஸ்பிரிங்கில் தொடங்கி, நேரியல் அல்லாத கட்டுப்பாடு (ஆட்டம் இரட்டித்தால் எதிர் விசையும் அப்படியே இரட்டிக்க வேண்டும் என்றில்லாத கட்டுப்பாடு) வரைக்கும் எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் இந்தக் கட்டுரை. டிப்ளமா முடித்தவருக்கும் புரோகிராம் எழுதத் தெரிந்த ஃபிட்டருக்கும் புரியும்படி எழுதப் பார்க்கிறேன். கணக்கு வரும், ஆனால் கால்குலேட்டருக்கு மேல் எதுவும் தேவைப்படாது.

எதிரி யார் என்று முதலில் பாருங்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கன்ட்ரோலரில் இருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். போர்டு வாங்கியாயிற்று, சென்சார் வாங்கியாயிற்று, எந்த அதிர்வெண்ணில் ஆடுகிறது என்று கேட்டால் பதில் இருக்காது. அதனால் முதல் வேலை அளப்பது. அதற்குக் கையில் இருக்கும் செல்போனே போதும். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் 'ஃபைஃபாக்ஸ்' செயலியில் முடுக்கத்தின் அதிர்வெண் நிறமாலையைப் பார்க்கலாம். போனைத் தரையில் படுக்க வைத்து, ஒரு நிமிடம் தொடாமல் பதிவு செய்யுங்கள்.

எங்கள் தரையில் இரண்டு இடத்தில் கோடு உயர்ந்து தெரிந்தது. ஒன்று 24 ஹெர்ட்ஸில், அது நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டார் (1440-ஐ 60-ஆல் வகுத்தால் 24). இன்னொன்று 2.5 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில். நிமிடத்துக்கு 150 பிக் (நாடா ஒரு தடவை குறுக்கே போவது ஒரு பிக்) ஓடும் தறி என்றால் நொடிக்கு 2.5 முறை அடிக்கும், கணக்கு சரியாகப் போகிறது. அந்த 2.5-ஐக் கூர்ந்து பார்த்தால் அது ஒரே கோடாக இல்லை, பக்கத்துப் பக்கத்தில் பல கோடுகள். ஒவ்வொரு தறியும் கொஞ்சம் கொஞ்சம் வேறு வேகத்தில் ஓடும். 148 பிக் ஓடும் தறியும் 152 பிக் ஓடும் தறியும் சேர்ந்தால், நிமிடத்துக்கு நான்கு முறை இரண்டும் ஒத்துப்போகும். அதாவது 15 நொடிக்கு ஒரு தடவை ஆட்டம் பொங்கும், அப்புறம் அடங்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நின்றால் காலிலேயே தெரியும். தரை சில நேரம் 5 மைக்ரான் ஆடும், வழக்கமாக 20, பொங்கும்போது 60 வரை. இந்தப் பொங்குதலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நாம் செய்யப்போகும் எல்லாம் இதற்காகத்தான்.

ஒன்றுமே ஓடாதபோது தரை எப்படி இருக்கிறது என்றும் அளக்க வேண்டும். அதற்கு மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளை விட்டால் வேறு நல்ல நாள் கிடையாது. காலை 9 மணிக்குக் கரண்ட் போனதும் தெருவே அமைதியாகிவிடும். போர்டையும் லேப்டாப்பையும் பேட்டரியில் ஓட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். சாயங்காலம் கரண்ட் வந்ததும் எல்லாத் தறியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். அந்தப் பத்து நிமிடத்தையும் விடாமல் பதியுங்கள். அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் மிக மோசமான உள்ளீடு.

"தறிக் காலுக்கு அடியில் ரப்பர் வைத்தால் போதாதா, வீட்டு கிரைண்டருக்கு வைப்பது போல?" என்று யாராவது கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். ஆனால் தறி எடைக்குத் தாங்கும் ரப்பர் கெட்டியாக இருக்கும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் அமுங்கும். அது 'டக் டக்' என்ற உயர் அதிர்வைக் குறைக்கும், 2.5 ஹெர்ட்ஸைத் தொடக்கூட முடியாது. ஏன் என்பது அடுத்த பகுதியில்.

ஸ்பிரிங்: பாதி வேலை இதிலேயே முடியும்

600 × 450 × 100 மில்லிமீட்டர் கிரானைட் பிளேட் கிட்டத்தட்ட 78 கிலோ. கருவியும் சேர்த்து 80 என்று வைத்துக்கொள்வோம். நான்கு மூலையிலும் ஸ்பிரிங். எவ்வளவு விறைப்பு வேண்டும்?

இங்கே பட்டறைக்காரர்கள் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது: பாரம் வைத்ததும் ஸ்பிரிங் எத்தனை சென்டிமீட்டர் அமுங்குகிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால் இயல்பு அதிர்வெண் (தட்டிவிட்டால் தானாக ஆடும் அதிர்வெண்) ஹெர்ட்ஸில் கிடைக்கும். 1 சென்டிமீட்டர் அமுங்கினால் 5 ஹெர்ட்ஸ். 4 சென்டிமீட்டர் அமுங்கினால் 2.5. ஒரு மில்லிமீட்டர் மட்டும் அமுங்கும் ரப்பர் என்றால் கிட்டத்தட்ட 16 ஹெர்ட்ஸ். இந்த இயல்பு அதிர்வெண்ணைப் போல 1.41 மடங்குக்கு மேலே உள்ள அதிர்வுகளைத்தான் ஸ்பிரிங் தடுக்கும். அதற்குக் கீழே அப்படியே கடத்தும், ஒத்ததிர்வுக்குப் பக்கத்தில் பெருக்கியே கொடுக்கும். தறிக்கு ரப்பர் வைத்தால் ஏன் பயனில்லை என்பது இப்போது புரிந்திருக்கும்.

நான் 3 ஹெர்ட்ஸ் எடுத்துக்கொண்டேன். 80 கிலோவுக்கு மொத்த விறைப்பு மீட்டருக்கு 28,400 நியூட்டன், அதாவது ஒரு ஸ்பிரிங்குக்கு மில்லிமீட்டருக்கு 7.1 நியூட்டன். அமுக்கம் 27.6 மில்லிமீட்டர். கோயம்புத்தூரில் ஸ்பிரிங் சுற்றித் தரும் பட்டறைகளில் இந்த எண்ணைச் சொன்னால் போதும், கம்பி விட்டத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இதைவிட மெத்தென்று போகலாம்தான், ஆனால் அப்புறம் பிளேட் ஊஞ்சலாகிவிடும். ஸ்கூட்டர் டியூபில் காற்றடித்து அதன்மேல் பிளேட்டை வைக்கும் வழியும் உண்டு. செலவில்லாத நல்ல வழி. சித்திரை வெயிலில் காலைக்கும் மதியத்துக்கும் டியூபின் அழுத்தம் மாறி பிளேட் மட்டம் ஏறி இறங்குவது மட்டும் தொல்லை.

வைத்துப் பார்த்தபோது மோட்டாரின் 24 ஹெர்ட்ஸ் காணாமலே போனது. கணக்குப்படி நூற்றில் 1.6 பங்குதான் மேலே வரும். ஸ்டாண்டின் இயல்பு அதிர்வெண் 20 ஹெர்ட்ஸ் பக்கம், அதனால் இதுவரை அதை ஆட்டிவைத்தது மோட்டார்தான். அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் பொங்கும் நேரத்தில் பார்த்தால் பிளேட்டே கண்ணுக்குத் தெரிய ஆடுகிறது. தறியின் 2.5 ஹெர்ட்ஸ், மேசையின் 3 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. தரை ஆட்டம் 3.3 மடங்காகப் பெருகுகிறது. தரையில் 60 மைக்ரான் என்றால் பிளேட்டில் 0.2 மில்லிமீட்டர். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: பிளேட் ஆடினால் அதன்மேல் இருக்கும் ஜாப்பும் ஸ்டாண்டும் சேர்ந்தே ஆடும், ஆகவே முழு ஆட்டமும் அளவில் பிழையாக வராது. 20 ஹெர்ட்ஸ் ஸ்டாண்டு 2.5 ஹெர்ட்ஸில் பிளேட்டின் ஆட்டத்தில் 64-ல் ஒரு பங்குதான் வளையும். அப்படியும் 3 மைக்ரான் வந்துவிடுகிறது. 0.4 மைக்ரான் சொரசொரப்பு கேட்கும் ஜாப்பில் 3 மைக்ரானை எங்கே ஒளிப்பது?

டாம்பர் போட்டால் என்ன?

போடலாம். எண்ணெய் டாம்பரை (பைக்கின் ஷாக் அப்சார்பர் போல ஆட்டத்தை அடக்குவது) தரைக்கும் பிளேட்டுக்கும் நடுவே மாட்டினால் 3 ஹெர்ட்ஸ் பொங்குதல் அடங்கும். ஆனால் அது தரையையும் பிளேட்டையும் கட்டிப்போடுகிறது. தரை வேகமாக ஆடினால் டாம்பர் பிளேட்டையும் கூடவே இழுக்கும். தணிப்பு விகிதம் (டாம்பர் எவ்வளவு பலமாக அடக்குகிறது என்பதைச் சொல்லும் எண்) 0.7 வைத்தால், 24 ஹெர்ட்ஸில் 1.6 சதவீதமாக இருந்தது 17 சதவீதத்தைத் தாண்டிவிடும். மோட்டாரைக் கொன்று வாங்கிய பலனைத் தறிக்குக் கப்பம் கட்டியது போல.

இதற்கு ஒரு அழகான வழியை 1974-ல் டீன் கார்னோப்பும் சகாக்களும் எழுதினார்கள். டாம்பரின் ஒரு முனையைத் தரையில் மாட்டாமல் வானத்தில் மாட்டியதாக நினைத்துக்கொள், அதற்குரிய விசையை மட்டும் பிளேட்டுக்குக் கொடு என்றார்கள். அதனால்தான் அதற்கு ஸ்கைஹூக், அதாவது வானக் கொக்கி என்று பெயர். வானத்தில் கொக்கி மாட்ட முடியாது, ஆனால் பிளேட்டின் தனி வேகத்தை அளந்து, அதற்கு எதிர்த்திசையில் ஒரு காயிலால் (காந்தத்துக்கு நடுவே கரண்ட் கொடுத்தால் தள்ளும் கம்பிச்சுருள்) தள்ள முடியும். விசை என்பது மைனஸ் கெயின் பெருக்கல் வேகம், அவ்வளவுதான்.

கெயினை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்கு 6000 நியூட்டன் என்று வைத்தால் (தணிப்பு விகிதம் 2), தறியின் 2.5 ஹெர்ட்ஸ் 3.3 மடங்கிலிருந்து 0.3 மடங்காக இறங்குகிறது. 24 ஹெர்ட்ஸ் 1.4 சதவீதம், கொஞ்சம்கூடக் கெடவில்லை. இன்னொன்றும் பாருங்கள். பிளேட்டின் மேல் 20 கிலோ ஜாப் வைத்தால் இயல்பு அதிர்வெண் 2.7 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, தறிக்கு இன்னும் நெருங்கும். வெறும் ஸ்பிரிங் என்றால் பெருக்கம் 3.3-லிருந்து 7.6 ஆகும். ஸ்கைஹூக் இருந்தால் 0.3 அப்படியே 0.3. எடை மாறினாலும் ஸ்பிரிங் தளர்ந்தாலும் பலன் மாறாமல் இருப்பதைத்தான் உறுதியான கட்டுப்பாடு என்கிறோம்.

சென்சாரும் காயிலும்

20 மைக்ரான், 2.5 ஹெர்ட்ஸ் என்றால் முடுக்கம் புவியீர்ப்பில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. மலிவான எம்பியூ6050 சென்சாரின் இரைச்சல், 10 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் பார்த்தால், இதைப்போல இரண்டரை மடங்கு. அப்படியானால் அதே தரத்துச் சென்சார் உள்ள செல்போனில் மட்டும் எப்படித் தெரிந்தது? ஒரு நிமிடம் பதிந்து சராசரி எடுத்ததால் தெரிந்தது. கன்ட்ரோலருக்கு ஒரு நிமிடம் காத்திருக்க நேரமில்லை, அந்த நொடியே தெரிந்தாக வேண்டும். அதனால் ஏடிஎக்ஸ்எல்355 போன்ற, இரைச்சல் பத்து மடங்குக்கும் மேல் குறைந்த சென்சார் வேண்டும்.

நில அதிர்வை அளக்கும் ஜியோஃபோன் நேரடியாகவே வேகத்தைக் கொடுக்கிறதே என்று தோன்றும். கடைகளில் எளிதாகக் கிடைப்பது 4.5 ஹெர்ட்ஸ் வகை. அதற்குக் கீழே அதன் சிக்னல் சுருங்குவதோடு ஃபேஸும் (நிஜ ஆட்டத்தோடு சிக்னலின் நேரப் பொருத்தம்) புரண்டுகொண்டே போகும். 4.5 ஹெர்ட்ஸிலேயே 90 டிகிரி புரண்டிருக்கும். நம் தறி 2.5-ல் இருக்கிறது. தடுக்க வேண்டிய நேரத்தில் தள்ளிவிடும். திருத்தும் ஃபில்டர் எழுதிச் சமாளிக்கலாம், ஆனால் முதல் முயற்சிக்கு வேண்டாம்.

முடுக்கத்திலிருந்து வேகம் பெறத் தொகையிட வேண்டும், அதாவது முடுக்கத்தைக் கணத்துக்குக் கணம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். சுத்தமாகத் தொகையிட்டால் சின்னப் பிழையும் சேர்ந்து சேர்ந்து ஓடிப்போய்விடும். 0.3 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒழுகவிடும் தொகையீடு எழுதுங்கள். 2.5 ஹெர்ட்ஸில் ஃபேஸ் பிழை 7 டிகிரிக்குள் நிற்கும், அது பரவாயில்லை. இப்படிக் கிடைக்கும் வேகத்தின் இரைச்சல் நொடிக்கு 0.09 மில்லிமீட்டர் அளவு. இந்த எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தள்ளுவதற்கு ஒரு 8 அங்குல வூஃபர் ஸ்பீக்கர் போதும். உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் கிடைத்தாலும் காயில் உரசாமல் இருக்கிறதா என்று விரலால் அமுக்கிப் பார்த்து வாங்குங்கள். தறி ஆட்டத்துக்குத் தேவையான விசை 2 நியூட்டனுக்குள்தான். மேக்னெட் தரைச் சட்டத்தில், கூம்பின் நடுவில் ஒட்டிய குட்டி ராடு பிளேட்டின் அடியில், சென்சார் அந்த ராடுக்கு ஒட்டியே. தள்ளும் இடமும் அளக்கும் இடமும் ஒன்றாக இருப்பது முக்கியம். தள்ளிப்போனால் பிளேட்டும் சட்டமும் வளைவது நடுவே புகுந்து கணக்கைக் கெடுக்கும்.

இரண்டு எச்சரிக்கை. பிளேட் 27 மில்லிமீட்டர் அமுங்கி நின்ற பிறகுதான் வூஃபரை மாட்ட வேண்டும். 20 கிலோ ஜாப் வைத்தால் பிளேட் இன்னும் 7 மில்லிமீட்டர் இறங்கும், காயில் அடியில் போய் முட்டும். ஸ்பிரிங் இருக்கைக்கு மட்டம் ஏற்றும் போல்ட் வையுங்கள். அப்புறம், காயிலுக்கு வோல்ட்டேஜ் கொடுக்காமல் கரண்ட் கொடுக்கும் டிரைவர் வையுங்கள். செம்பு 40 டிகிரி சூடானால் அதன் தடை 16 சதவீதம் ஏறும், வோல்ட்டேஜ் டிரைவில் விசை 14 சதவீதம் குறையும். கரண்ட் டிரைவில் இந்தக் கவலை இல்லை.

பொலாரிட்டி

பொலாரிட்டிக்கு, அதாவது பிளஸ்-மைனஸ் திசைக்கு, ஒரு தனித் தலைப்பு கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. முதல் தடவை லூப்பை மூடியபோது (சென்சாரின் அளவைக் காயிலின் விசையோடு இணைத்து ஓடவிட்டபோது), வயர் நிறத்தை நம்பி நான் சோதிக்காமல் விட்டேன். சென்சாரைத் தலைகீழாக ஒட்டியிருந்தேன். எதிர்க்க வேண்டிய விசை கூடச் சேர்ந்து தள்ளியது. பிளேட் முதலில் மெல்ல, அப்புறம் மூச்சு வாங்குவது போல, நொடிக்கு மூன்று முறை ஏறி இறங்க ஆரம்பித்தது. சுவிட்சைத் தேடிக் கை போவதற்குள் ஸ்டாண்டு சரிந்து, டயல் கேஜ் தரையில் விழுந்து, வூஃபர் காயில் கருகிய வாடை வந்துவிட்டது. அந்த டயல் கேஜ் பட்டறையில் எல்லோரும் பொத்திப் பொத்தி வைத்திருந்தது. அதைப் பற்றி மேற்கொண்டு எழுத விருப்பமில்லை.

ஆகவே லூப்பைத் திறந்தே வைத்து, காயிலுக்கு மட்டும் ஒரு சின்ன கரண்ட் கொடுத்து, பிளேட் மேலே போகும்போது வேகம் பிளஸ் காட்டுகிறதா பாருங்கள். கெயினை நூறில் ஒரு பங்கில் தொடங்கி, 3 ஹெர்ட்ஸ் ஆட்டம் சீக்கிரம் அடங்குகிறதா பாருங்கள். காயில் லைனில் ஒரு ஃபியூஸ், கரண்டுக்குச் சாஃப்ட்வேரில் ஒரு வரம்பு, கைக்கு எட்டும் இடத்தில் சிவப்புப் பட்டன். மூன்றும் இல்லாமல் லூப்பை மூடாதீர்கள்.

கெயின் ஏன் ஒரே எண்ணாக இருக்கக் கூடாது

6000 கெயினில் தறியைச் சமாளித்தாயிற்று, பிறகு எதற்கு நேரியல் அல்லாத கட்டுப்பாடு?

மாதாந்திரக் கரண்ட் கட் நாளில் அதே 6000-ஐ ஓட்டிப் பாருங்கள். தரை அசையவே இல்லை, ஆனால் பிளேட் மெல்ல அலைபாயும். அதை ஆட்டுவது சென்சாரின் 0.09 இரைச்சல்தான். கன்ட்ரோலர் அந்த இரைச்சலை நிஜ வேகம் என்று நம்பி அதற்கு எதிராகத் தள்ளுகிறது. கெயினைக் குறைத்தால் இது நிற்கும், ஆனால் தறி பொங்கும்போது கை கொடுக்காது. ஒரே கெயினில் இரண்டையும் சாதிக்க முடியாது. ஹென்ட்ரிக் போடே 1945-ல் எழுதிய விதியும் வேறு வடிவில் இதையே சொல்கிறது: பின்னூட்டத்தால் ஓர் அதிர்வெண் பகுதியில் ஆட்டத்தை அமுக்கினால் வேறொரு பகுதியில் அது தலைதூக்கும். காற்றடைத்த பலூனை ஒரு பக்கம் அமுக்கிய கதை.

ஆனால் நம் எதிரி எப்போதும் ஒரே பலத்தில் வருவதில்லை. 15 நொடிக்கு ஒரு முறை பொங்குகிறது, மற்ற நேரம் அடங்கியிருக்கிறது. அப்படியானால் நாமும் அடங்கியிருக்கும்போது லேசாக, பொங்கும்போது பலமாக இருக்கலாமே. மாறும் கெயின் என்பது இதுதான்.

செய்முறை: ஒரு வாசல் அளவு வைத்துக்கொள்ளுங்கள், நொடிக்கு 0.2 மில்லிமீட்டர். வேகம் அதற்குள் இருந்தால் கெயின் 1500 மட்டும். வாசலைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும் கூடுதலாக 4500. வேகம் 0.5 என்றால் 0.5-க்கு 1500, மேலே உள்ள 0.3-க்கு 4500, இரண்டையும் கூட்டுங்கள். இப்படிச் செய்தால் விசை வாசலில் துள்ளாமல், சாய்வு மட்டும் மாறித் தொடர்ச்சியாகப் போகும். "தாண்டினால் 6000, இல்லையென்றால் 1500" என்று எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு தடவை வாசலைக் கடக்கும்போதும் விசை குதித்து, பிளேட்டைச் சுத்தியலால் தட்டியது போல ஆகும். புதியவர்கள் எழுதும் நிரலில் நான் அதிகம் பார்த்த தவறு இது.

0.2 எங்கிருந்து வந்தது? தரை அசையாத நாளில் 1500 கெயினில் ஓட்டி வேகத்தை வர்க்கமாக்கி, சராசரி எடுத்து, அதன் வர்க்கமூலத்தைப் பாருங்கள். அதைப்போல இரண்டேகால் மடங்கு வையுங்கள். இரைச்சல் எப்போதாவதுதான் வாசலை எட்டும்.

கணக்குப்படி, தரை 60 மைக்ரான் பொங்கும்போது வெறும் ஸ்பிரிங்கில் பிளேட் வேகம் நொடிக்கு 3 மில்லிமீட்டர். 1500 கெயின் மட்டும் இருந்தால் 1.06. மாறும் கெயினில் 0.46 பக்கம். ஸ்டாண்டு முனையில் 3 மைக்ரான் பிழை அரை மைக்ரானுக்குக் கீழே வந்துவிடுகிறது. முழு 6000 போட்டிருந்தால் 0.28 வரை இறங்கியிருக்கும்தான். அந்த வித்தியாசம், அமைதியான நேரத்துக்காக நாம் விட்டுக்கொடுத்தது. நல்ல சென்சார் வாங்கினால் வாசலை இறக்கி அதையும் மீட்கலாம். காசு எங்கே போட வேண்டும் என்று கேட்டால் போர்டில் போடாதீர்கள், சென்சாரில் போடுங்கள் என்பேன்.

நிலையாக நிற்குமா?

1500-லும் நிலையாக நிற்கிறது, 6000-லும் நிலையாக நிற்கிறது, நடுவில் மாறிக்கொண்டே இருந்தாலும் நிற்கத்தானே வேண்டும்? அப்படித்தான் தோன்றும். 1949-ல் ஐசர்மேன் என்ற சோவியத் அறிஞரும் இதே போன்ற ஓர் ஊகத்தை வைத்தார். பிறகு அதற்கு எதிர் உதாரணங்கள் கிடைத்து, ஊகம் தவறு என்றாகிவிட்டது. ஆகவே இரண்டு கோடியையும் சோதித்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

வட்ட நிபந்தனை என்று ஒன்று இருக்கிறது. பெயர்தான் பயமுறுத்தும், செய்வது சுலபம். 1500 கெயினை மட்டும் ஓடவிட்டு, காயிலுக்கு 0.5 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் சின்ன சைன் விசை கொடுங்கள். ஒரு நியூட்டனுக்கு எவ்வளவு வேகம், எத்தனை டிகிரி தள்ளி வருகிறது என்று குறித்து நைக்விஸ்ட் வரைபடமாக வரையுங்கள் (ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் ஒரு புள்ளி, மையத்திலிருந்து தூரம் வேகம், கோணம் அந்த டிகிரி). அந்தக் கோடு செங்குத்து அச்சுக்கு இடப்பக்கம் எவ்வளவு தூரம் போகிறது என்பது மட்டும்தான் கேள்வி. மிக இடப்பக்கப் புள்ளி மைனஸ் 0.0001 என்றால், அதன் தலைகீழ் 10,000. கூடுதல் கெயின் அதற்குள் இருக்கும்வரை, வாசல் எதுவாக இருந்தாலும், எத்தனை முறை மாறினாலும் நிலையாக நிற்கும். நான் பாதியைத் தாண்டுவதில்லை. 4500 அப்படி வந்ததுதான்.

கோடு இடப்பக்கம் போவதற்குப் பெரும்பாலும் தாமதம்தான் காரணம். நொடிக்கு 1000 முறை அளக்கும் போர்டில், அளந்து கணக்குப் போட்டு விசை கொடுக்க ஒன்றரை மில்லி நொடி ஆகும். 2.5 ஹெர்ட்ஸில் அது ஒன்றுமே இல்லை. 100 ஹெர்ட்ஸில் 54 டிகிரி. அங்கே சட்டத்தின் சொந்த ஒத்ததிர்வு ஒன்று இருந்தால் அதுதான் முதலில் கத்தும். எங்கள் சட்டம் 90 பக்கம் கத்தியது. குறுக்கே ஒரு ஆங்கிள் வைத்து வெல்டு அடித்ததும் வாயை மூடிக்கொண்டது. வெல்டிங் ராடால் முடியும் வேலைக்கு ஃபில்டர் எழுத வேண்டாம்.

இந்தச் சோதனையை 20 கிலோ ஜாப் வைத்து ஒரு முறை, பிளேட் காலியாக ஒரு முறை, காலை ஒரு முறை, மதியம் காயில் சூடான பின் ஒரு முறை செய்யுங்கள். நான்கிலும் மோசமானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லைடிங் மோடு பற்றி ஒரு வார்த்தை

நேரியல் அல்லாத கட்டுப்பாடு என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது ஸ்லைடிங் மோடுதான். வாடிம் உட்கின் 1977-ல் எழுதிய கட்டுரைக்குப் பின் உலகெங்கும் பரவியது. எடை தெரியாவிட்டாலும் விறைப்பு தெரியாவிட்டாலும் பிடித்து நிறுத்தும். விசையை முழு பிளஸ், முழு மைனஸ் என்று மாற்றி மாற்றி அடிப்பதுதான் அதன் உயிர். மோட்டாருக்கும் ரோபோ கைக்கும் நல்லது. நம் மேசைக்கு? அந்த மாற்றி மாற்றி அடிப்பதே ஓர் அதிர்வு. வூஃபர் வண்டு போல ரீங்காரமிடும். குறியை மாற்றும் இடத்தில் ஒரு மெல்லிய பட்டை வைத்து மழுங்கச் செய்யலாம், ஆனால் நன்றாக மழுக்கினால் கடைசியில் அது சாதாரண ஸ்கைஹூக்குக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். கற்றுக்கொள்ளச் செய்து பாருங்கள். அளவுக் கருவி வைக்கும் மேசையில் நான் வைக்க மாட்டேன்.

கடைசிச் சோதனை

ஐந்து கிலோ ஜாப்பை யாராவது 'தொப்'பென்று பிளேட்டில் வைப்பார்கள், வைக்காமல் இருக்க மாட்டார்கள். அப்போது கேட்கும் விசை 50 நியூட்டனுக்கு மேல், காயிலால் முடியாது, வரம்பில் போய் நிற்கும். அது தப்பில்லை. வரம்பிலிருந்து திரும்பி வந்ததும் சீக்கிரம் அடங்குகிறதா என்பதுதான் சோதனை. ஒழுகும் தொகையீடு அந்த நேரத்தில் தப்பான வேகத்தைச் சேர்த்து வைத்திருக்கும். வேகம் நொடிக்கு 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் தொகையீட்டைப் பூஜ்ஜியமாக்கி, கெயினை இரண்டு நொடிக்குள் மெல்ல ஏற்றும்படி ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இதுவரை செய்தது மேலும் கீழுமான திசைக்கு மட்டும். தறி கிடைமட்டமாகவும் தள்ளும், நன்றாகவே தள்ளும். அதற்கு இதே முறையில் இன்னொரு காயில் வைக்கலாம், ஆனால் பிளேட் ஒரு துளி சாய்ந்தாலும் கிடைமட்டச் சென்சார் அதை முடுக்கம் என்று நம்பிவிடும். நிமிர்ந்த திசை ஒரு மாதம் தொந்தரவில்லாமல் ஓடிய பிறகு அதில் கை வையுங்கள்.

எங்கள் மேசைக்கு உண்மையான பரீட்சை அடுத்த மாதாந்திரக் கரண்ட் கட் நாள் சாயங்காலம் வந்தது. கரண்ட் வந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு தறியாகக் கிளம்பியது. லேப்டாப்பில் தரைக் கோடு தடித்துக்கொண்டே போனது, பிளேட் கோடு வாசலுக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றுகொண்டது. முதலாளி அண்ணன் பிளேட்டின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "சரி, தறிய நிறுத்தச் சொல்ல வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு, அந்தத் தண்ணீரையே எடுத்துக் குடித்தார்.